விமானமா, ரயிலா, பஸ்ஸா: பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே கோடு

திருச்சியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவர், மனைவி, எட்டு வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா, ஆக நான்கு பேர். கையில் பத்து நாள். கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, மலாக்கா, முடிந்தால் சிங்கப்பூர். விமானம், ரயில், பஸ் மூன்றுக்கும் கட்டணம் பார்த்து அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானம் 60 ரிங்கிட், ரயிலோ அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வருகிறது, அப்படியானால் எல்லாவற்றையும் விமானத்திலேயே முடித்துவிடலாமா என்பது கேள்வி. அம்மாவுக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். எது மலிவு என்பதை அட்டவணை சொல்லிவிடும். பத்து நாளில் எத்தனை நாள் வழியிலேயே கரையும், அம்மா எத்தனை முறை பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

என்னைப் பற்றி ஒரு வரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் கடை நடத்தினேன். என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அதனால் ரயில் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். விலைகளை நான் உத்தேசமாகத்தான் சொல்கிறேன், விமானக் கட்டணம் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. இங்கே நாங்கள் ரிங்கிட்டை வெள்ளி என்போம், அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 60 வெள்ளி. அது பொய்யில்லை, ஆனால் அது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். நகரத்தின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணியில் கொண்டுபோய் விடும், பெரியவர் ஒருவருக்கு 55 வெள்ளி. உங்கள் குடும்பத்துக்கு அதுவே 200 வெள்ளியை நெருங்கும். பஸ்ஸில் போனால் தலைக்கு 15 வெள்ளி அளவில் முடியும், ஆனால் ஒரு மணி நேரம், நெரிசலில் இன்னும் கூட. நான்கு பேர் என்பதால், செயலியில் கூப்பிடும் வாடகைக் காரான கிராப் உங்களுக்கு எக்ஸ்பிரஸைவிட மலிவாகவே வரும், பெட்டிகள் அதில் அடங்கினால். மலிவு விமானங்கள் நிற்கும் 2ஆம் முனையத்தில் வாசலிலிருந்து கேட் வரை ஒரு கடைத்தெருவையே கடந்து நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த நடையே ஒரு யாத்திரை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள். பறப்பது ஒரு மணி நேரம். பினாங்கில் இறங்கும் இடம் பாயான் லெப்பாஸ், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே 16 கிலோமீட்டர். 401ஆம் எண் பஸ் இருக்கிறது, ஆனால் வேலை முடியும் நேரத்தில் அதில் ஏறினால் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டுங்கள். விமான நிலையம் போக ஒரு மணி, முன்கூட்டிக் காத்திருக்க ஒன்றரை முதல் இரண்டு மணி, பறக்க ஒரு மணி, பெட்டி எடுக்க அரை மணி, ஊருக்குள் போக முக்கால் மணி. ஐந்து மணி நேரம் தொலைந்தது. இ.டி.எஸ். மின்ரயில் கே.எல். சென்ட்ரலில் ஏறினால் சுமார் நாலேகால் மணியில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த். அங்கிருந்து நடைபாலம் வழியாக ஃபெர்ரி முனையம், கால் மணி நேரக் கடல், ஜார்ஜ் டவுன் கரை. ஃபெர்ரிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி. ரயில் கட்டணம் வகுப்பையும் நேரத்தையும் பொறுத்து 60லிருந்து 80 வெள்ளிக்குள் இருக்கும். ஆக விமானத்தில் பணமும் மிச்சமில்லை, நேரமும் மிச்சமில்லை. ரயிலில் கழிப்பறை இருக்கிறது, அம்மா நினைத்தபோது எழுந்து நடக்கலாம். தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். உங்கள் மகளுக்கு அது பிடிக்கும்.

ஆனால் அதே 60 வெள்ளி விமானம் ஓர் இடத்தில் அருமையான தேர்வாகிவிடும். திருச்சியிலிருந்து வந்து கே.எல்.ஐ.ஏ.வில் இறங்குகிறீர்கள், நகரத்துக்குள் போகாமல் அங்கேயே பினாங்கு விமானத்தைப் பிடிக்கிறீர்கள் என்றால், நான் மேலே கூட்டிய கணக்கில் பாதி காணாமல் போகிறது. நிலையத்துக்குப் போகிற செலவு இல்லை, ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். என் கடைக்கு வந்த மதுரைக் குடும்பம் ஒன்று சிக்கனம் என்று தனித்தனியாக வாங்கி, நடுவே இரண்டு மணி நேரம் விட்டிருந்தது. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதம். குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி பெட்டி போடுவது எல்லாம் முடிவதற்குள் அடுத்தது பறந்துவிட்டது. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை, புது டிக்கெட்தான். தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால் குறைந்தது நான்கு மணி இடைவெளி விடுங்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் அட்டவணை கோலாலம்பூரில் தொடங்கி கோலாலம்பூரில் முடிகிறது. எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், போக வர டிக்கெட் என்றே நம் மனத்தில் பதிந்துவிட்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூர் எல்லாம் மேற்குக் கரையோரம் வடக்கிலிருந்து தெற்காக ஒரே கோட்டில் கோத்தது போல இருக்கின்றன. நடுவில் இறங்கி, வடக்கே போய், திரும்பி வந்து, தெற்கே போய், மறுபடி திரும்பி வந்தால் அதே சாலையை இரண்டு முறை பார்க்கிறீர்கள். 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் பல வருடமாக உண்டு. திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னை, அங்கிருந்து பினாங்கு, அப்புறம் தரை வழியாகத் தெற்கே இறங்கிக்கொண்டே வந்து சிங்கப்பூரிலிருந்து ஊர். மலிவு விமானங்களில் போகிற டிக்கெட்டும் வருகிற டிக்கெட்டும் தனித்தனியாகத்தான் விலை போடப்படுகின்றன, ஒரு வழி வாங்குவதால் நஷ்டமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு வழி டிக்கெட்டோடு போனால் ஏறும் இடத்திலேயே திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள். சிங்கப்பூர்–திருச்சி டிக்கெட்டைத் தாளில் அச்சிட்டுக் கையில் வையுங்கள், போனில் சார்ஜ் போய்விட்டது என்பதை அந்தக் கவுண்டர் கேட்காது.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு இருக்கிறது, 2026 முடியும் வரை அறிவித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு அப்படியில்லை, முன்கூட்டியே விசா வாங்க வேண்டும், ஊரிலேயே அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் செய்யலாம். இரண்டு நாட்டுக்கும் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இரண்டுமே இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். நான்கு பேருக்கு சிங்கப்பூர் விசாச் செலவும் விடுதிச் செலவும் சேர்ந்து கையைக் கடிக்கும் என்றால், சிங்கப்பூரை விட்டுவிட்டு பினாங்கில் இறங்கி, ஈப்போ, மலாக்கா பார்த்து, கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்குப் பறந்துவிடுங்கள். கோடு அப்போதும் கோடுதான், கொஞ்சம் குட்டையானது.

ஈப்போவுக்கு ரயில்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் வேகம் இல்லை, இறக்கிவிடும் இடம். ஈப்போ ரயில் நிலையம் ஊரின் நெஞ்சில் இருக்கிறது. வெள்ளைக் குவிமாடம் வைத்த பழைய கட்டடம், வாசலில் இறங்கினால் பழைய நகரம் கூப்பிடு தூரம். பஸ் நிற்கும் அமான்ஜெயா முனையமோ ஊருக்கு வெளியே, அங்கிருந்து உள்ளே வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பஸ் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை கிராப் டிரைவரிடம் கொடுத்துவிடுவீர்கள். ஈப்போவிலிருந்து கே.எல். சென்ட்ரல் இரண்டரை மணிக்குள் வந்துவிடலாம்.

பஸ்ஸை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மலாக்காவுக்கு ரயில் என்று யாராவது சொன்னால் அவர் போனதில்லை என்று அர்த்தம். ரயில் நிற்கும் புலாவ் செபாங், தம்பின் பக்கம் இருக்கிறது, மலாக்கா ஊர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். கோலாலம்பூர் டி.பி.எஸ். முனையத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல், கட்டணமும் சொற்பம். கேமரன் மலைக்கும் பஸ்தான், அங்கே ரயிலே இல்லை. டி.பி.எஸ். நம் ஊர் பஸ் ஸ்டாண்டைப் போல இருக்காது. விமான நிலையம் மாதிரி கவுண்டர், கேட், அறிவிப்பு எல்லாம் உண்டு. இணையத்தில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள், கேட்டுக்குள் விட ஏறும் சீட்டு கேட்பார்கள். பண்டார் தாசிக் செலாத்தான் ரயில் நிலையத்தோடு அது ஒட்டியே இருக்கிறது. கே.எல்.ஐ.ஏ.விலிருந்து வரும் டிரான்சிட் ரயிலும் அங்கே நிற்கும்.

பஸ்ஸில் கழிப்பறை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிறுத்துவார்கள், ஆனால் எங்கே, எப்போது என்பது டிரைவர் மனசு. சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு மணி நேரப் பஸ் பரவாயில்லை, ஐந்து மணி நேரம் என்றால் தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்கள். இன்னொன்று, பெல்ட். 2025 ஜூனில் கெரிக் பக்கம் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர்கள் போன பஸ் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து விரைவு பஸ்களில் பயணிகளும் பெல்ட் போட வேண்டும் என்பதைக் கண்டிப்பாக்கினார்கள். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் மகளுக்காகப் போடுங்கள்.

ராத்திரி பஸ் ஏறினால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்ற யோசனை உங்கள் அட்டவணையில் ஒரு மூலையில் இருக்கிறது. நம் ஊரில் திருச்சியிலிருந்து பெங்களூருக்கு அது சரி. இங்கே தூரம் பத்தாது. சில வருடத்துக்கு முன் என் அம்மாவை அழைத்துக்கொண்டு பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போக ராத்திரி பதினொன்றரை மணி பஸ் போட்டேன். காலையில் இறங்கி, குளித்து, நேரே கோயில் என்று திட்டம். பஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை, சாலை காலி, நாலு மணிக்கு முன்பே பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டான். ஃபெர்ரி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. எந்த விடுதியும் அந்த நேரத்தில் அறை தராது. அம்மா இரும்பு நாற்காலியில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, "ஏன்டா, நாம என்ன தொலைஞ்சா போயிட்டோம்?" என்று கேட்டதை இன்னும் மறக்கவில்லை. மிச்சம் பிடித்த அறை வாடகையை அன்று பகல் முழுக்கத் தூங்கியே செலவழித்தோம்.

இனி தெற்கு. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை இ.டி.எஸ். 2025 டிசம்பரில்தான் வந்தது. சுமார் நாலரை மணி நேரம், 80 வெள்ளியை ஒட்டிக் கட்டணம். மலாக்காவைப் பார்க்காமல் நேரே போகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஜொகூர் பாரு ரயில் நிலையமான ஜே.பி. சென்ட்ரலிலிருந்து சிங்கப்பூர் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடத்தில் போகும் தெப்ராவ் ஷட்டில் ரயில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஏறினால் 5 வெள்ளி, அந்தப் பக்கம் ஏறினால் 5 சிங்கப்பூர் டாலர், அதாவது மூன்று மடங்குக்கு மேல். வடக்கிலிருந்து தெற்கே போவதில் இப்படியும் ஒரு லாபம். ஆனால் அந்த டிக்கெட் சூடான வடை மாதிரி போய்விடும், முன்கூட்டியே வாங்கினால் உண்டு, அன்றைக்குப் போய் நின்றால் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் பஸ்ஸும் உண்டு. சிக்கல் எல்லையில். பஸ் ஜொகூர் பக்கம் ஒரு முறை, சிங்கப்பூர் பக்கம் ஒரு முறை நிற்கும். இரண்டு இடத்திலும் பெட்டி படுக்கையோடு இறங்கி, மேலே ஏறி, வரிசையில் நின்று, மறுபுறம் இறங்கி வர வேண்டும். பஸ் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், நீங்கள் பிந்தினால் அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். வாட்டசாட்டமான ஆளுக்கே அது வேர்க்கும். உங்கள் நிலைமையில் நான் செய்வது இது: மலாக்காவிலிருந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் முனையத்துக்குப் பஸ், சுமார் மூன்று மணி நேரம். லார்க்கினிலிருந்து எல்லை தாண்ட அனுமதி பெற்ற டாக்ஸி. நான்கு பேர் ஒரு வண்டி. காரில் உட்கார்ந்தபடியே பாஸ்போர்ட்டைக் கொடுத்து இரண்டு குடிநுழைவையும் கடக்கலாம். தலைக்குக் கணக்குப் பார்த்தால் பஸ்ஸைவிடச் சில மடங்கு கூடுதல்தான். இந்தப் பயணத்திலேயே காசை வீசிச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் அல்ல. இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியாது. வெள்ளி மாலை, சனி காலை, இரண்டு நாட்டின் பள்ளி விடுமுறை, இவற்றைத் தவிர்த்துச் செவ்வாய், புதன் என்று வைத்தால் வாய்ப்பு நல்லது. விமானத்தைப் பிடிக்கிற அன்றைக்கே எல்லையைத் தாண்டும் வேலை வேண்டாம்.

டிக்கெட் எப்போது வாங்குவது? ரயில் முதலில், பஸ் கடைசியில். இ.டி.எஸ். டிக்கெட்டை மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம். செயலியில் பாஸ்போர்ட் எண் கொடுத்து நீங்கள் ஊரிலிருந்தே போட்டுவிடலாம். வார இறுதி வண்டிகள் சீக்கிரம் நிரம்பும், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி நேரத்தில் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்புவதால் டிக்கெட் திறந்த கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும். ரயில் புறப்படும் மணிக்குச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடுவார்கள், நம் ஊர் மாதிரி ஓடிப்போய் ஏற முடியாது. பஸ்ஸுக்கு, பெருநாள் இல்லாத சமயத்தில், ஒரு நாள் முன்னால் வாங்கினால் போதும், ஒன்று போனால் அடுத்த ஒன்று வரும். அதனால்தான் பஸ்ஸை நான் மாற்று வழியாகக் கையில் வைத்திருக்கச் சொல்வேன். ரயில் கிடைக்காத அன்றைக்கு டி.பி.எஸ். போய் நின்றால் பினாங்குக்கு ஏதோ ஒரு பஸ் இருக்கும், 40 வெள்ளி அளவில்.

விமானத்தில் பெட்டி விஷயம். மலிவு விமானங்களில் கையில் 7 கிலோதான். நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பெட்டி எடை வாங்காதீர்கள், இரண்டு பேர் பெயரில் 20 கிலோ வாங்கினால் குடும்பத்துக்குப் போதும், அதையும் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள், கவுண்டரில் வாங்கினால் விலை கூடும். உள்நாட்டுக்குள் நீங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் போகப் போவதால் அங்கே எடை பார்ப்பவர் யாருமில்லை, தூக்குபவர் நீங்கள்தான். லங்காவி, சபா, சரவாக் போகிற எண்ணம் பிறகு வந்தால் இந்தக் கணக்கு மாறும். கடல் நடுவில் வந்துவிட்டால் விமானம் தானாக ஜெயித்துவிடும், அதிலும் சபா, சரவாக்குக்கு வேறு வழியே இல்லை.

இடம் மாறுகிற ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும் என்று வையுங்கள். ஐந்து ஊர் என்றால் நான்கு மாற்றம், இரண்டு நாள். பினாங்கு மூன்று இரவு, ஈப்போ ஒன்று, கோலாலம்பூர் இரண்டு, மலாக்கா ஒன்று, சிங்கப்பூர் இரண்டு என்று போட்டால் ஒன்பது இரவு, பத்து நாள் சரியாக வரும், அம்மாவுக்கு மதியத் தூக்கமும் கிடைக்கும். பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் எனும் புறநகர் ரயில் நேரே போகும். 272 படி அம்மாவுக்கு வேண்டாம், கீழே முருகன் சிலையடியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இ.டி.எஸ். இருக்கைகள் திரும்பாதவை, பெட்டியில் பாதி முன் பார்த்தும் பாதி பின் பார்த்தும் இருக்கும். நடுவில் மேசை போட்டு எதிரெதிராக நான்கு இருக்கை உண்டு, இடம் தேர்ந்தெடுக்கும்போது அது காலியாக இருந்தால் பிடித்துவிடுங்கள். குளிர் தாங்க அம்மாவுக்கு ஒரு சால்வையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டு நாலு மணி நேரம் நடுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயணத் தேதியை நீங்கள் எழுதவில்லை. அது தைப்பூசத்தை ஒட்டியா, பள்ளி விடுமுறையா என்று சொன்னால், எந்த டிக்கெட்டை முதலில் போட வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.